கல்வெட்டை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை

ப்ரோகிராம் எழுதுபவர்களில் ஒரு கட்சி உண்டு. ஒரு ப்ராஜெக்ட்டை இறக்கினால் முதல் நாளிலிருந்து நடந்த அத்தனை திருத்தங்களும் சேர்ந்து வரவேண்டும், இல்லாவிட்டால் அது அரைகுறை என்பார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கிட் மென்பொருளும் வழக்கமாக அப்படித்தான் செய்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் லினக்ஸ் கெர்னலை அப்படி இறக்கினால் பல ஜிபி ஆகும். புள்ளலூரில் மொபைல் டேட்டாவில் இறக்கும் மாணவனுக்கு அன்றைய பேக் காலி. அவன் திருத்தப்போவதோ ஒரே ஒரு வரி!

இந்தக் கட்சிக்காரர்கள் ஒருமுறை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்வரலாம். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919-ல் வெட்டியதில் தகுதி வயது 30-க்கு மேல், 60-க்குள். 921-ல் வெட்டியதில் 35-க்கு மேல், 70-க்குள். இரண்டே வருடத்தில் விதி மாறியும் பழையதைக் கொத்தி எடுக்கவில்லை. அதனால்தான் என்ன மாறியது என்று இன்றும் தெரிகிறது. அதற்காக, சபைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை :-)

விஷயம் இவ்வளவுதான். பொது இடத்தில் முழுசும் இருக்கட்டும், கையில் தேவையானது இருந்தால் போதும். கிட்டிலேயே இதற்கு வழி உண்டு. க்ளோன் செய்யும்போது டெப்த் 1 என்று கொடுத்தால் கடைசி நிலை மட்டும் வரும். கெர்னலே சில நூறு எம்பியில் முடிந்துவிடும்.

"ஒரு வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று பார்க்க முடியாதே?" உண்மைதான். அது தேவைப்படும் அன்று மிச்சத்தை இறக்கிக்கொள்ளலாம். "சர்வர் போய்விட்டால்?" பேக்கப் எடுப்பது சர்வர் வைத்திருப்பவர் கடமை. அதை மாணவனின் டேட்டா பேக் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று சர்வரிலேயே பழைய திருத்தங்களை அழிக்கும் இன்னொரு கட்சியும் உண்டு. சுவரையே கொத்துபவர்கள் இவர்கள்தான். கணக்கில் தப்பு விழுந்தால் அழிக்கக்கூடாது, எதிர்ப்பதிவு போடவேண்டும் என்பது காமர்ஸில் பாலபாடம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகவேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைத்துவைக்க முடியக்கூடாது என்பது சட்ட விதி.

கையில் குறைத்துக்கொள்வது சிக்கனம். மூலத்தில் குறைப்பது மோசடிக்கு வாசல்.