மகனுக்கு முதல் ரேஸர்

"ப்ளஸ் டூ படிக்கிற பையனுக்குத் தாடி அரும்புகிறது. இவர் துபாயில் இருக்கிறார். பையன் பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு அப்பாவின் ரேஸரால் இழுத்து, கழுத்தெல்லாம் சிவந்து போய் வருகிறான். இதை அம்மா எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம். என் கணவர் மாற்றலாகி வெளியூரில் இருந்த சமயம், எங்கள் பெரியவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பல் தேய்க்கக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தானே, இதில் என்ன கூச்சம்?

முதலில், அவனுக்கென்று தனி ரேஸர் வாங்குங்கள். அப்பாவுடையதானாலும் அண்ணனுடையதானாலும் பொது ரேஸர் கூடவே கூடாது. ஷேவ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க் கிருமி ரத்தத்தின் வழியே பரவும். உடம்புக்கு வெளியே வந்த பிறகும் அது குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். சலூனுக்குப் போனாலும், "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்க இப்போதே பழக்கிவிடுங்கள்.

சேஃப்டி ரேஸரில் பிளேடை மேல் தகடும் கீழ்த் தகடும் இறுக்கிப் பிடித்திருக்கும். கூர்முனை மட்டும் இம்மியளவு எட்டிப் பார்க்கும். அழுத்தினால் என்ன ஆகும்? தோல் அந்த இடுக்கில் பிதுங்கி வெட்டுப்படும். பையன்கள் செய்கிற தப்பே இதுதான். ரேஸரின் கனமே போதும், கை பலம் வேண்டாம் என்பதை நாலு தரம் சொல்லுங்கள்.

நான் சொல்லிக் கொடுத்த முறை இதுதான்:

குளித்தவுடன் ஷேவ் செய்வது உத்தமம். இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு, மூன்று நிமிஷம் முகத்தில் வைக்கலாம். தண்ணீர் குடித்த முடி மெத்தென்றாகிவிடும்.

குளிக்கிற சோப்பு வேண்டாம். அதன் நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். ஷேவிங் சோப்பையோ கிரீமையோ ஈரப் பிரஷ்ஷில் எடுத்து, வட்டமாகத் தேய்த்து, கெட்டித் தயிர் மாதிரி நுரை வரவழைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் பிளேடு போடாத ரேஸரால் நுரையை மட்டும் வழிக்கச் சொன்னேன். கைக்குச் சாய்வு பழக வேண்டுமே! ரேஸரின் தலையைக் கன்னத்தில் வைத்து, பிடியை மெல்லக் கீழே இறக்கினால் சுமார் 30 டிகிரியில் பிளேடின் முனை தோலைத் தொடும். அந்தச் சாய்வு மாறாமல், ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலமாகச் சின்னச் சின்ன இழுப்பாக இழுக்க வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் ரேஸரைத் தண்ணீரில் அலச வேண்டும்.

முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறதோ அந்தப் பக்கமே இழுக்கணும். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் அப்படியில்லை, சிலருக்குப் பக்கவாட்டில் வளரும், சிலருக்குக் கீழிருந்து மேலே வளரும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். எதிர்ப்பக்கம் இழுத்து மழுமழுவென்று எடுத்தால், வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். சுருட்டை முடிக்காரப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருந்தால் இருக்கட்டும். நுரை இல்லாத இடத்தில் மட்டும் பிளேடு படவே கூடாது.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்கட்டும். சின்ன வெட்டுக்கு ஈரப் படிகாரம் போதும், ரத்தம் நின்றுவிடும். அந்தப் படிகாரக் கட்டியும் அவனுக்கு மட்டும்தான். பரு வருகிற முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். சீழ் வைத்த பருக்கள் இருந்தால் ஷேவிங்கை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தினமும் ஷேவ் செய்ய வேண்டியதில்லை. இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். செவ்வாய், வெள்ளி கூடாது என்று பாட்டி தடுத்தால் சண்டை வேண்டாம், தோலுக்கும் ஓய்வுதானே! நாலைந்து தடவை ஆனதும், அல்லது பிளேடு முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி தோன்றினால் அதற்கு முன்பே, மாற்றிவிடுங்கள்.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளுகிறவர் கையும் நம்மைப் போன்றவர் கைதானே. ஒரு பழைய டின்னின் மூடியில் கீறல் போட்டு, அதற்குள் சேர்த்து வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ரேஸரும் டின்னும் உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

இன்னொன்று. "பெரிய மனுஷன் ஆயிட்டாரு!" என்று தங்கையும் அத்தையும் கேலி செய்வதால்தான் பிள்ளைகள் தாழ் போட்டுக்கொண்டு, அவசர அவசரமாக இழுத்து முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வெளிச்சமான ஜன்னல் பக்கம் கண்ணாடியை மாட்டி, பத்து நிமிஷம் அவனை நிம்மதியாக விடுங்கள்.