வண்டியைச் சூடேற்றினால் பெட்ரோல் மிச்சமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“சிறு துளி பெரு வெள்ளம்” என்பது நம் முன்னோர் மொழி. சேர்வதற்கு மட்டுமன்று, வீணாவதற்கும் அம்மொழி பொருந்தும் என்பதை நாங்கள் எங்கள் பள்ளி வாயிலிலேயே கண்டோம்.

மார்கழி மாதத்துக் காலை. தாடிக்கொம்பு வீதிகளில் கோலம் உலரும் முன்பே வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். எங்கள் தந்தையர் மொபெட்டைக் கிளப்பி வாசலில் ஓடவிட்டுவிட்டு, உள்ளே வந்து காப்பி குடிப்பார்கள். “எஞ்சின் சூடானால்தான் மைலேஜ் கிடைக்கும்” என்பது அவர்கள் வாதம். மாலையில் மணி அடிக்கும் முன்பே வந்துவிடும் வேன்களும் அப்படியே உறுமிக்கொண்டு நிற்கும்.

பெரியோர் சொல்லை மறுப்பது எங்கள் நோக்கமன்று. ஆயினும் அறிவியல் பாடம் படிக்கும் நாங்கள் இதை ஆராய்ந்து பார்க்க வேண்டாமா? பார்த்தோம். நிற்கவைத்துச் சூடேற்றுவதால் எரிபொருள் மிச்சமாவதில்லை, செலவுதான் ஆகிறது என்பதே எங்கள் முடிவு.

இப்பழக்கம் காரணமின்றி வந்ததன்று. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. அக்காலத்து வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. சோக்கை இழுத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விட்டு, சற்று நேரம் ஓடவிடாவிட்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே நம் தாத்தாமார் செய்தது சரியே. ஆனால் காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பாரத் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த மொபெட்டுகளில்கூட எரிபொருளை அளந்து தெளிக்கும் கருவி உண்டு. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று உணர்ந்து, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை அது தானே தீர்மானிக்கிறது.

சும்மா நிற்கும் எஞ்சின் வேலை செய்வதில்லை. வேலை செய்யாத எஞ்சினில் வெப்பம் குறைவாகவே பிறக்கும். ஆகவே அது சூடாக நெடுநேரம் பிடிக்கும். அதே வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்றால், திண்டுக்கல் சாலையில் சில கிலோமீட்டர் போவதற்குள் நன்றாகச் சூடாகிவிடும். அதுமட்டுமன்று, கியர்ப் பெட்டியும் சக்கரங்களும் வண்டி நகர்ந்தால்தான் சூடேறும். பனி கொட்டும் நாடுகளிலேயே அரை நிமிடம் போதும் என்கிறார்கள். நம் ஊர் மார்கழிக் குளிர் எஞ்சினுக்கு ஒரு குளிரா? மேலும், நிற்கும் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும்? பூஜ்யம் தரும்!

எங்கள் வேன் ஓட்டும் அண்ணனிடம் இதைச் சொன்னோம். “அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் டீசல் அதிகம் குடிக்கும் பாப்பா” என்றார். அதுவும் பழைய எண்ணமே. பத்து வினாடிக்கு மேல் நிற்பதாயின் அணைத்துவிடுவதே சிக்கனம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. நம் நாட்டில் 1978இல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகமும் நிற்கும்போது எஞ்சினை அணைக்கும்படியே சொல்லி வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டோம். வேனின் எஞ்சின் நின்றபடி ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் செலவாகும் என்று கொள்வோம். நாள்தோறும் 10 நிமிடம் நின்றால், 200 பள்ளி நாட்களில் 33 லிட்டர் புகையாகப் போகும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு அது 330 கிலோமீட்டர் ஓட்டம். தாடிக்கொம்பிலிருந்து மதுரைக்கு இரண்டு முறை போய் வந்துவிடலாம்! அந்தப் பணம் யாருடையது? வேன் அண்ணனின் வீட்டுச் செலவுக்கு உரியது. நாடும் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வேனின் பின்பக்கம் வரிசையில் நிற்பவர்கள் ஒன்றாம் வகுப்புத் தங்கைகள். புகைக்குழாயின் உயரமும் அவர்கள் முகத்தின் உயரமும் அதிகம் வேறுபடுவதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. எதற்கும் பயன்படாத புகையை அந்தப் பிஞ்சுகள் ஏன் சுவாசிக்க வேண்டும்?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். பெரிய பேருந்துகளில் பிரேக்குக்குக் காற்று நிரம்பாமல் வண்டியை எடுக்கக் கூடாது. அதற்காகக் காத்திருப்பது வீணன்று, பாதுகாப்பு. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஒரு நிமிடம் கொடுக்கலாம். வேன் அண்ணன் இறுதியில் உண்மையையும் சொன்னார். “பேட்டரி பழசு. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று பயம்.” அதற்கு மருந்து புதுப் பேட்டரியே அன்றி, நாள்தோறும் டீசலை எரிப்பதன்று. பெற்றோர்கள் கூடி அவருக்கு உதவலாகாதா?

தோழியரே! பிறரைச் சொல்லும்முன் நம்மையும் பார்ப்போம். மணி அடித்த பின்னும் அரட்டையில் நின்று வேனைக் காக்க வைப்பவர்கள் நாம் அல்லவா? நாம் விரைந்து வருவோம். அண்ணன் எஞ்சினை அணைத்துவைக்கட்டும். அப்பா காப்பி குடித்து முடித்துவிட்டு மொபெட்டைக் கிளப்பட்டும். இதற்குப் பணம் வேண்டாம், மனம் இருந்தால் போதும்.