சாலை யாருடையதோ, களையும் அவர்களுடையதே

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. கையுறை அணிந்த அதிகாரிகள் புகைப்படக் கருவியின் முன் நான்கு செடிகளைப் பிடுங்குவர். மாணவர்கள் உறுதிமொழி ஏற்பர். செய்திக் குறிப்பு வெளியாகும். எட்டாம் நாள், அதே சாலையோரத்தில், கையுறையின்றிக் குனிந்து அதே செடியைப் பிடுங்குகிறவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, பெரும்பாலும் பெண். விழிப்புணர்வு வாரத்தின் கண்ணில் அவர் படுவதில்லை.

சாலையோரக் களை ஒரு சில்லறைப் பிரச்சினை என்று கருதுவோர் நம்மிடையேயும் உண்டு. இந்தச் செடி எவர் உடலைத் தீண்டுகிறது, எவர் நிலத்தில் நுழைகிறது என்று கேட்டால் அக்கருத்து நிற்காது. பார்த்தீனியத்தின் நச்சுப்பொருள் தோல் அழற்சியை உண்டாக்குகிறது. அதன் மகரந்தம் மூச்சிழைப்பைத் தூண்டுகிறது. அதைத் தின்ற மாட்டின் பால் கசக்கிறது. ஒரே செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளை ஈன வல்லது. இந்தியாவில் சுமார் 3.5 கோடி ஹெக்டேர் பரப்பில் அது பரவியிருப்பதாகக் களை ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

‘அந்நிய ஊடுருவல்’ எனும் திசைதிருப்பல்

மெக்சிகோ வளைகுடாப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களின் நடுவில் புனேயில் பரவலாகக் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவின் பி.எல்.480 திட்டத்தில் வந்த கோதுமையோடு சேர்ந்து வந்தது என்பது நிலைபெற்ற கருத்து. ‘காங்கிரஸ் புல்’ என்ற பெயரும் மக்கள் நாவில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது இந்நாட்டில் பதிவாகியுள்ளது என்று தாவரவியலார் சுட்டுகின்றனர். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். விதை எந்தக் கப்பலில் வந்தது என்பதைவிட, முளைப்பதற்கான நிலத்தை அதற்கு யார் ஆயத்தம் செய்து தந்தார் என்பதே இன்றைய கேள்வி.

மனிதரையே ‘ஊடுருவல்காரர்’ என்று முத்திரை குத்தும் அரசியல் கோலோச்சும் காலத்தில், செடிக்கும் அம்மொழியையே பேசுவது எளிது. ஆனால் பார்த்தீனியம் எல்லை தாண்டிப் படையெடுக்கவில்லை. மண் கிளறப்பட்ட இடத்தில், போட்டியிடும் புல்பூண்டுகள் அழிக்கப்பட்ட இடத்தில் அது முதலில் முளைக்கிறது. அத்தகைய இடத்தை நாள்தோறும் பெருமளவில் உண்டாக்குவது சாலைக் கட்டுமானம். 2014இல் சுமார் 91,000 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் இன்று சுமார் 1,46,000 கிலோமீட்டர். கரை உயர்த்த எங்கிருந்தோ மண் வருகிறது. அம்மண்ணில் விதை வருகிறது. லாரிச் சக்கரமும் மழைநீரும் அதை அடுத்த வயலுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

அப்போது சட்டம் யாரைப் பிடிக்கிறது? 1975இல் கர்நாடகம் தனது 1968ஆம் ஆண்டு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ் பார்த்தீனியத்தைத் தீங்கான களையாக அறிவித்தது. நிலத்தை அனுபவிப்பவரே அகற்ற வேண்டும் என்பது இத்தகைய சட்டங்களின் அடிப்படை. இரண்டு ஏக்கர் விவசாயி தன் வயலில் எத்தனை முறை களையெடுத்தாலும், வேலிக்கு அப்பால் சாலையோரம் பூத்துக்கொண்டே இருந்தால் என்ன பயன்? சுங்கம் வசூலிப்பவரின் வருவாய் தனியாருக்கு. அவர் சாலையிலிருந்து பரவும் களை மட்டும் விவசாயிக்கா?

மலிவான வழி, யாருக்கு மலிவு?

ஆட்கூலி கட்டுப்படியாகாது, மருந்து தெளிப்பதே மலிவு என்பது ஒப்பந்ததாரரின் வாதம். களைக்கொல்லிகளில் முதன்மையான கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வைத்தது. இந்தியாவில் அதற்கான ஒப்புதல் தேயிலைத் தோட்டத்துக்கும் ‘பயிர் செய்யப்படாத நிலத்துக்கும்’ உரியது. சாலையோரம் அந்த இரண்டாம் வகையில் அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கேதான் ஆடு மேய்கிறது, பள்ளிப் பிள்ளை நடக்கிறது, கீரை பறிக்கப்படுகிறது. போதாததற்கு, எல்லாச் செடியையும் கொன்று வெறும் மண்ணாக்கும் தெளிப்பு, மண்ணில் காத்திருக்கும் பார்த்தீனிய விதைக்கே அடுத்த மழையில் இடம் ஒழித்துத் தருகிறது.

மாற்று வழிகள் தெரியாதவை அல்ல. பூக்குமுன், ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை உரமாக்கலாம். மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு மழைக்காலத்தில் இலையைத் தின்று உதவுகிறது. தகரை போன்ற செடிகளை விதைத்தால் அவை களையை நெருக்கி ஒடுக்கும். இவை யாவும் ஆண்டு முழுவதும் அதே இடத்தைக் கவனிக்கும் நிலையான பணியாளரைக் கோருகின்றன. மூன்று மாத ஒப்பந்தம் அதைத் தராது.

தமிழில் ‘களை’ என்ற பெயரே களைதல் என்னும் தொழிலிலிருந்து பிறந்தது. சொல்லுக்குள் இருக்கும் உழைப்பைச் சட்டம் தன் பக்கங்களிலிருந்து நீக்குகிறது. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20இலிருந்து 50ஆக உயர்த்தியது. சாலையோரம் களையெடுக்கும் குழுவில் ஐம்பது பேரை யார் கண்டது? கையுறையும் முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் அந்த எண்ணிக்கையின் இடைவெளியில் காணாமல் போகின்றன.

நமது கோரிக்கைகள்

முதலாவது, சாலையின் எல்லைக்குள் முளைக்கும் களைக்கும், அங்கிருந்து வயலுக்குப் பரவுவதற்கும் சாலையை நடத்தும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, பூக்கும் காலத்துக்கு முன் அகற்றுவது பராமரிப்பு ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதப்பட வேண்டும். மூன்றாவது, களையெடுப்போர் எத்தனை பேராயினும் முழுப் பாதுகாப்புக் கருவிகளும் நிரந்தரப் பணியும் பெற வேண்டும். நான்காவது, மக்கள் புழங்கும் சாலையோரங்களில் களைக்கொல்லித் தெளிப்பு நிறுத்தப்பட வேண்டும்.

பணமில்லை என்ற பதில் வரும். 2015ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் நடவும் பராமரிக்கவும் ஒதுக்கச் சொல்கிறது. நெடுஞ்சாலை செல்லும் பகுதிகளின் கிளைகள், தகவல் உரிமைச் சட்டத்தின் வழி இரண்டு கேள்விகளை எழுப்பலாம்: எங்கள் ஊர்ச் சாலையில் அந்த 1 விழுக்காடு எங்கே போயிற்று? பராமரிப்பு ஒப்பந்தத்தில் களையெடுப்போர் எத்தனை பேர் என்று எழுதப்பட்டுள்ளது? வரும் விடைகளோடு விவசாய சங்கமும் தொழிற்சங்கமும் ஒரே மேடைக்கு வரட்டும். வயலோரத்து விவசாயியும் சாலையோரத்துத் தொழிலாளியும் ஒரே செடியால் துன்புறுகின்றனர். அவர்களைச் சேர்த்து நிறுத்துவது நம் வேலை.