ஓர் ஒழுங்கை போதும்

கணினி விளையாட்டு என்றதும் நம் பெற்றோருக்கு நினைவு வருவது துப்பாக்கியும் கார்ப் பந்தயமும்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளுக்குள் வளரும் பிள்ளைகளுக்கு, சிறியதோர் இடத்தில் சுற்றித் திரியும் வேறொரு வகையும் உண்டு. கனடாவின் ஆடம் ராபின்சன்-யூ 2019இல் வெளியிட்ட 'எ ஷார்ட் ஹைக்' அதற்கு நல்ல உதாரணம். கிளேர் என்ற சின்னப் பறவை ஒரு தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கிறாள். மலையுச்சியில்தான் சிக்னல் கிடைக்கும், அதனால் ஏறுகிறாள். கதை இவ்வளவே. வழியில் கிடைக்கும் தங்க இறகு ஒவ்வொன்றும் அவளை இன்னும் சற்று உயரத்துக்கு ஏற்றும். மலையை மறந்து கடற்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் அவசரப்படுத்துவதில்லை. எதிரியும் இல்லை, தோல்வியும் இல்லை.

இரண்டு மணி நேரத்தில் முடிவதற்குக் காசு கொடுப்பதா என்று கேட்பார்கள். திரைப்படத்துக்கும் அவ்வளவு நேரம்தானே! நாள்கணக்கில் பிள்ளையைக் கட்டிப்போடும் விளையாட்டைவிட, முடிந்துவிடும் விளையாட்டு வீட்டுக்கும் நல்லது. வெறுமனே சுற்றித் திரிவதில் என்ன விளையாட்டு என்ற கேள்விதான் கனமானது. பரந்த உலகங்களைக் காட்டும் பெரிய விளையாட்டுகளில் அம்புக்குறியைப் பார்த்தே ஓடுகிறோம், ஊரைப் பார்ப்பதில்லை. கிளேரின் சிறிய தீவில் அம்புக்குறி கிடையாது. எந்தப் பாறைக்குப் பின்னால் பாதை திரும்புகிறது என்பதை நாமே கண்டறிந்து, நாமே நினைவில் வைக்கிறோம். இடம் பழகப் பழக அது நம்முடையதாகிறது. இத்தகைய சிறிய விளையாட்டுகளின் கவர்ச்சி முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இந்தச் சிறிய அளவு தமிழுக்கும் கைகொடுத்திருக்கிறது. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. ஊர் சுற்றும் விளையாட்டல்லதான். ஆனால் இட்லித் தட்டுகளை ஆவி போகும்படி எப்படி அடுக்குவது என்பதையே ஒரு புதிராக்கும் துணிவு அதற்கு இருந்தது. சுயாதீன விளையாட்டு விழாவின் பெருவிருதை 2020இல் 'எ ஷார்ட் ஹைக்' வென்றது, 2024இல் 'வெண்பா' வென்றது. நம் வீட்டு விஷயம் உலகுக்குப் புரியாது என்ற தயக்கத்துக்கு இனி இடமில்லை.

கொழும்பில் கணினி படிக்கும் தமிழ் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை, மரைன் டிரைவ், தண்டவாளம், அதற்கப்பால் கடல்: வெள்ளவத்தையே பாதி வரைந்து வைத்த வரைபடம். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்களும் சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பெரிய முதலீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் தினமும் நடக்கும் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.