மிக்கேலுக்கும் சூசைக்கும் பூர்வீகம் எது?

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் நின்று ‘மிக்கேல்!’ என்று சத்தமாகக் கூப்பிட்டால், குறைந்தது நாலு வீட்டிலிருந்து ‘என்ன?’ என்று பதில் வரும். சூசை, மரியம்மாள், அன்னம்மாள், யாக்கோபு என்று தாத்தா, பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கு இறங்கிவரும் பெயர்கள் அங்கே ஏராளம்.

இவையெல்லாம் போர்ச்சுக்கீசியப் பெயர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கப்பலில் கொண்டுவந்தது அவர்கள்தான். ஆனால், வேர் வேறு. ‘மிக்கேல்’ என்றால் எபிரேய மொழியில் ‘கடவுளுக்கு நிகர் யார்?’ என்று பொருள். சூசை என்பது யோசேப்பு. அன்னம்மாள் என்பது ஹன்னா. எல்லாமே யூத வீடுகளில் புழங்கிய பெயர்கள். யோவானைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘அருளப்பர்’ என்று அழைத்ததும் சும்மா இல்லை. ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ என்பதுதான் அந்த எபிரேயப் பெயரின் அர்த்தம்.

பெயர்கள் மட்டுமா? ஜெபத்தை முடிக்கும் ‘ஆமென்’, பாடலில் வரும் ‘அல்லேலூயா’, குருத்தோலை ஞாயிறு அன்று முழங்கும் ‘ஓசன்னா’ மூன்றும் எபிரேயச் சொற்கள். பூசையில் பாடப்படும் திருப்பாடல்கள் 150-உம் இயேசுவுக்கு முன்பே எருசலேமில் இருந்தவை.

ஈஸ்டர் ஏன் வருஷத்துக்கு ஒரு தேதியில் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. யூதர்களின் பாஸ்கா பண்டிகை, வசந்த காலத்துப் பௌர்ணமியைக் கணக்கிட்டு வருவது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற இரவின் நினைவு அது. இயேசுவின் கடைசி இராவுணவும் அந்தப் பண்டிகையை ஒட்டியதே. அதனால்தான் ஈஸ்டரும் நிலாவைப் பார்த்தே குறிக்கப்படுகிறது. கத்தோலிக்கப் பூசையில் தரும் அப்பம் புளிக்காத மாவில் செய்யப்படுவதற்கும் அதே பண்டிகைதான் மூலம். தூத்துக்குடிக் கோயில்களில் ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டை இன்றைக்கும் ‘பாஸ்கா திருவிழிப்பு’ என்றே சொல்கிறார்கள்.

பிப்ரவரி 2-ஆம் தேதி மெழுகுதிரியை மந்திரித்துக் கொடுக்கும் திருநாளும் அப்படித்தான். ஆண் குழந்தை பெற்ற யூதத் தாய் 40 நாள் கழித்துக் கோயிலுக்குப் போய்க் காணிக்கை செலுத்த வேண்டும். டிசம்பர் 25-இலிருந்து எண்ணிப் பார்த்தால் 40-ஆவது நாள் சரியாக அங்கே வந்து நிற்கும்.

முத்துக்குளித்துறைக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சொந்தமும் உண்டு. அதைப் பலர் அறிய மாட்டார்கள்.

1497-இல் போர்ச்சுகல் நாட்டு யூதர்கள் எல்லோரும் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்டார்கள். மாறிய பிறகாவது நிம்மதியாக விட்டார்களா என்றால், இல்லை. ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று அவர்களுக்கு ஒரு முத்திரை. அது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டே போனது. ஞானஸ்நானம் பெற்றாலும் ரத்தம் சுத்தமில்லை என்றார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 1520-இல் பிறந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். துறவியாக ஆசைப்பட்டு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத வம்சம் என்பதற்காகவே வெளியே அனுப்பினார்கள். 1545-இல் புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இந்தியா, 1547-இல் முத்துக்குளித்துறை. பிறகு வாழ்நாள் முழுக்க இந்தக் கரைதான் அவருக்கு ஊர். மக்கள் அவரை அன்றிக் அடிகளார் ஆக்கிக்கொண்டார்கள்.

பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தவர். அன்றிக் அடிகளாரோ தமிழை முறையாகப் படித்து, இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் வெளிவந்தது. தமிழ் எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது. அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு, தமிழை அச்சேற்றியது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சானது. அதே கொச்சியில் அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன், 1568-இல்தான், பரதேசி யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தைக் கட்டியிருந்தார்கள்.

ஆனால், கோவாவில் நிலைமை வேறு. 1560-இலேயே அங்கே விசாரணை மன்றம் வந்துவிட்டது. ரகசியமாக யூத வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ‘புதுக் கிறிஸ்தவர்கள்’ அதன் முக்கிய இலக்கு. 1593-இல், யூத வம்சத்தினரை இனிச் சேர்ப்பதில்லை என்று இயேசு சபையே தீர்மானம் போட்டது. அப்போது அன்றிக் அடிகளாருக்கு 73 வயது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் உழைத்த சபை, தன்னைப் போன்றவர்களுக்குக் கதவைச் சாத்தியதை உயிரோடு இருந்து பார்க்க வேண்டியிருந்தது.

1600-இல் புன்னைக்காயலில் அவர் கண்மூடினார். தூத்துக்குடி மண்ணில் அடக்கமானார். சாத்திய கதவு முழுதாகத் திறக்க 1946 வரை ஆனது.

பெரிய வெள்ளி ஜெபத்தில் யூதர்களைக் குறித்துச் சொல்லப்பட்ட கடுமையான சொல்லைப் போப் இருபத்துமூன்றாம் யோவான் 1959-இல் நீக்கினார். இயேசுவின் மரணப் பழியை யூத இனத்தின் மேல் சுமத்தக் கூடாது, கிறிஸ்தவத்தின் வேர் அவர்களிடம்தான் இருக்கிறது என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதுவரை எத்தனை நூற்றாண்டுகள்! அவர்களின் சொல்லாலேயே ஜெபித்து, அவர்களின் பெயரையே பிள்ளைகளுக்குச் சூட்டி, அவர்களையே ஒதுக்கிவைத்த காலம் அது.

பிறப்பை வைத்து ஒருவரை ஒதுக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிய கதை அல்ல. கோயிலுக்கும் கல்லறைக்கும்கூட அது பழக்கமானதுதான். வம்சம் சரியில்லை என்று வெளியே அனுப்பப்பட்ட ஒருவர்தான் தமிழை அச்சில் ஏற்றினார் என்பதை, அப்படி ஒதுக்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை யாராவது தெருவில் ‘மிக்கேல்!’ என்று கூப்பிடும்போது, அந்தப் பெயரிலேயே இருக்கும் கேள்வியும் காதில் விழட்டும்: கடவுளுக்கு நிகர் யார்? மனிதரில் யார் உசத்தி, யார் மட்டம் என்று தரம் பிரிக்க யாருக்கு உரிமை?