சாப்பாடு டெலிவரியோ தம்பி?

போன வைகாசியில் ஒரு சாமத்திய வீடு. மண்டபம் ஸ்காபரோவில்தான், வீட்டிலிருந்து ஏழு கிலோமீற்றர். நான் சைக்கிளில் போனேன். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மின்கம்பத்தோடு அதைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, புது எஸ்யூவியால் இறங்கிய ஒரு மாமா கேட்டார்.

"என்ன தம்பி, சாப்பாடு டெலிவரியோ?"

பக்கத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சைக்கிளில் போனதற்கு எனக்கு இன்றுவரை வெட்கம் இல்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சைக்கிளைப் பற்றிக் கதைப்போம்.

அது அப்பா எனக்குப் பத்து வயதில், வளர்ந்த பிறகும் ஓடட்டும் என்று பெரிய அளவில் வாங்கித் தந்த மவுண்டன் பைக். 26 அங்குலச் சில்லு, ஏழு கியர், முன்னுக்கு ஸ்பிரிங் போர்க். பத்து வருசத்துக்கு மேல் கராஜில், பனி அள்ளுகிற சவளுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தது. உங்கள் கராஜிலும் இப்படி ஒன்று கிடக்கும்.

வேலை கிடைத்ததும் வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கார் ஒண்டை எடன்." கேட்டுப் பார்த்தேன். எனக்குச் சொன்ன லீஸ் மாதம் 420 டொலர், காப்புறுதி 310. பெற்றோல் அடிக்க முதலே 730 டொலர். நான் வேலைக்குப் போகவேண்டிய தூரம் 13 கிலோமீற்றர். அந்த 13 கிலோமீற்றருக்காக ஒவ்வொரு மாதமும் ஒரு கிழமைச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போனேன். 1985 இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ஆர்டி ரயில், 2023 யூலை 24 ஆம் திகதி எல்ஸ்மியர் நிலையத்துக்குக் கிட்டத் தடம் புரண்டது. அதற்குப் பிறகு அது திரும்ப ஓடவேயில்லை. மாற்றுக்கு பஸ் விட்டார்கள். இரண்டு பஸ் மாறி, குளிரில் நின்று, எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. நகரத்தின் இந்தப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு, காரா பஸ்ஸா என்று இரண்டே தெரிவுதான் என்று எல்லாரும் நம்புகிறோம். மூன்றாவது ஒன்று கராஜில் கிடக்கிறது.

பின் சில்லைக் கழற்றி, நடுவில் மோட்டர் இருக்கிற சில்லைப் போட்டேன். 36 வோல்ட், 500 வாற்று. ஒன்ராறியோவில் மின் சைக்கிளுக்குச் சட்டம் விடுகிற உச்சம் அதுதான்: 500 வாற்று, மோட்டரின் உதவியோடு மணிக்கு 32 கிலோமீற்றர், மொத்தப் பாரம் 120 கிலோ. வயது 16 ஆகியிருக்க வேண்டும், ஹெல்மற் கட்டாயம். லைசன்ஸ் வேண்டாம், இலக்கத்தகடு வேண்டாம், காப்புறுதி வேண்டாம்.

கையால் முறுக்கி ஓடுகிற த்ரொட்டிலை நான் பூட்டவில்லை. உழக்கினால்தான் மோட்டர் வேலை செய்யும். அப்படி உழக்கி ஓடுகிற, 40 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை ரொறன்ரோ நகரம் சாதாரண சைக்கிளாகவே பார்க்கிறது. அதனால் உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே ஸ்காபரோவைக் குறுக்காக வெட்டிப் போகிற கற்றினோ பாதையில் நான் போகலாம். நாற்பது நிமிடத்தில் வேலைக்கு. வியர்வை இல்லை.

மோட்டருக்கும் வயர்களுக்கும் 410 டொலர். பற்றரிக்கு 560. மலைக்கென்று செய்த முள்ளு ரயரைக் கழற்றி வழுவழுப்பான ரயர், புது பிறேக் கட்டை, செயின், மட்கார்ட், லைற், நல்ல பூட்டு எல்லாம் சேர்த்து 230. மொத்தம் 1200 டொலர். இரண்டு மாதக் கார்க் காசைவிடக் குறைவு. பற்றரி நிறையப் பிடிப்பது அரை யூனிற்றுக்கும் குறைந்த மின்சாரம். இரவில் சார்ஜ் பண்ணினால் பத்துச் சதம்கூட வராது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். நான் கேட்காத மறுப்பே இல்லை.

"பற்றரி வெடிக்கும்." இது வெறும் பயம் இல்லை. 2023 இன் கடைசி நாளில் ரொறன்ரோ சுரங்க ரயிலுக்குள் ஒரு மின் சைக்கிள் தீப்பிடித்தது. அதனால் சொல்கிறேன்: மோட்டரில் காசு மிச்சம் பிடியுங்கள், பற்றரியில் பிடிக்காதீர்கள். யூஎல் 2271 என்ற தரச்சான்று இல்லாத பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயரில்லாத பற்றரி உங்கள் அம்மா நித்திரை கொள்கிற வீட்டுக்குள் வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று வந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த பற்றரியை உடனே சார்ஜ் பண்ணாதீர்கள். கதவு வாசலை மறித்து வைத்துச் சார்ஜ் பண்ணவே பண்ணாதீர்கள். எட்டாயிரம் டொலர்க் காரை வாங்க முன் நாலு பேரிடம் விசாரிக்கிற நாங்கள், பற்றரிக்கும் அதைச் செய்யலாம்.

"பனிக்கு என்ன செய்வாய்?" பனி கொட்டுகிற நாளில் பஸ்ஸில் போகிறேன். வருசத்தில் அப்படி எத்தனை நாள்? அந்த நாட்களுக்காகப் பன்னிரண்டு மாதமும் 730 டொலர் கட்டுவதை ஒருவரும் விசர் என்று சொல்வதில்லை.

"வீதியில் அடிச்சுப் போடுவாங்கள்." இதை அம்மா சொன்னார். இதற்கு மட்டும் என்னிடம் சுகமான பதில் இல்லை. அம்மா சொல்வது சரி. ஆனால் அந்தப் பயம் வானத்தால் விழுந்ததில்லை. பார்மசி அவெனியூவிலும் பேர்ச்மவுண்ட் வீதியிலும் சைக்கிள் ஒழுங்கைகள் இருந்தன. இரண்டும் எங்கள் ஸ்காபரோவில்தான். 2011 இல் நகரசபை வாக்கெடுத்து அவற்றை அகற்றத் தீர்மானித்தது. எங்கள் ஆக்கள் எத்தனை பேர் அப்போது வாய் திறந்தார்கள்? கோயில் கட்டவும் மண்டபம் எடுக்கவும் நகரசபைப் படியேறத் தெரிந்த சமூகம், பிள்ளைகள் பத்திரமாகச் சைக்கிள் ஓட ஒரு பாதை கேட்டுப் படியேறியதை நான் பார்க்கவில்லை. "ஆபத்து, ஓடாதே" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். "ஆபத்தாக வைத்திருக்கிறீர்கள், திருத்துங்கள்" என்று உறுப்பினருக்குச் சொல்வதில்லை.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒன்று நிற்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக அது வேண்டும். நான் எதிர்ப்பது அதே வாசலில் நிற்கப்போகிற இரண்டாவதையும் மூன்றாவதையும். வேலைக்குப் போவதற்காகக் காரும், கார் கட்டுவதற்காக இரண்டாவது வேலையும் என்று ஓடுகிற என் வயதுப் பெடியளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன்.

"சாப்பாடு டெலிவரியோ" என்ற கேள்வியில் சைக்கிள் ஒரு சாட்டு. சிரித்தது அதை ஓட்டுகிறவர்களைப் பார்த்து. பனியிலும் மழையிலும் முதுகில் சதுரப் பையோடு போகிறவர்களில் எத்தனை பேர் அண்மையில் வந்த மாணவர்கள்! அவர்களில் தமிழ் கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிரித்த அதே மாமா, எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து கோப்பை கழுவினவர். விடிய நாலு மணிக்குப் பேப்பர் போட்டவர். அதை அவரே பெருமையாகச் சொல்லுவார். அவர் செய்தால் உழைப்பு, இன்றைக்கு வந்தவன் செய்தால் பகிடியா?

அதற்கும் முன்னால் போய்ப் பாருங்கள். 1990 இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, சின்ன ரோச் பற்றரிகூட உள்ளே வரமுடியாது. மோட்டார் சைக்கிள்களை சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். விறகு, வெங்காய மூட்டை, நோயாளி, எல்லாம் கரியரில்தான் போனது. இருந்ததை வைத்து இல்லாததைச் செய்யத் தெரிந்த மனிதர்கள் அவர்கள். நாங்கள் அவர்களின் பிள்ளைகள். பழைய சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுவதைவிட அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பொருத்தமான வேலை எது?

நான் பூட்டிக்கொண்டிருந்த நாட்களில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முதலில் ஒரு தடவை மட்டும் கேட்டார்: "இதுக்கே நாங்கள் கனடா வந்தனாங்கள்?" பிறகு கதைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கராஜுக்குள் வந்து, குனிந்து பின் அச்சைப் பார்த்தார். "இது அலுமினியம். மோட்டர் இழுக்கேக்க அச்சு சுத்தி வெட்டிக்கொண்டு வெளியில வந்திடும். ஒரு இரும்புப் பட்டி பிடிக்க வேணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. அச்சு சுழலாமல் பிடிக்கிற அந்த இரும்புத் துண்டுக்கு டோர்க் ஆம் என்று பெயர். பல காணொளிகளில் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அப்பா எந்தக் காணொளியும் பார்க்கவில்லை. பதினேழு வயதில் சாவகச்சேரியில் ஒரு சைக்கிள் கடையில் நின்றவர் என்பதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். இருபத்துநாலு வருசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

ஆகவே இந்தக் கிழமை கராஜைத் திறந்து பாருங்கள். சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா, பிறேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். நல்லதாக இருந்தால் தொடங்குங்கள். உங்கள் வார்டு நகரசபை உறுப்பினருக்கு, வேலைக்குப் போக எந்த வீதியில் சைக்கிள் ஒழுங்கை வேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள். அடுத்த கொண்டாட்டத்தில் யாராவது "டெலிவரியோ" என்று கேட்டால், என்னைப்போல் சிரித்துவிட்டு நிற்காதீர்கள். "ஏன் மாமா, அந்த வேலைக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.