ஒளிந்திருக்கும் சிரிப்பு

கார்ட்டூன் திரைப்படங்களில் கதைக்குத் தேவைப்படாத சிறு குறும்புகள் சில ஒளிந்திருக்கும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தில் ஒரு சிறுமி மீன் பொம்மை ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் நாயகனே அம்மீன்! பல படங்களில் 'ஏ113' என்னும் குறியும் தென்படும். அது ஓவியர் பலர் பயின்ற கலிபோர்னியக் கலைக்கல்லூரி ஒன்றின் வகுப்பறை எண்.

இவை கவனத்தைச் சிதைக்கும் வீண்வேலை என்பர் சிலர். அது பொருந்தாது. குறும்பைக் காணாதவர்க்கும் கதை குறைவின்றி விளங்கும்; கண்டவர்க்கோ ஒரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. குட்வில் எஸ்டேட் அமைந்த அந்தமானுக்கு மேற்கே, வங்கக்கடலின் மறுகரையில் மாமல்லபுரம் உள்ளது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன், பல்லவர் காலச் சிற்பிகள் அங்கே பெரும்பாறையில் தவக்காட்சி ஒன்றைச் செதுக்கினர். முனிவர் ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் புரிகிறார். கீழே, பெரிய யானையின் அருகில், பூனை ஒன்றும் கைகளை உயர்த்தி நிற்கிறது. அதனைச் சுற்றி எலிகள்! போலித் தவத்தை எள்ளும் அப்பூனை, மேலுள்ள உண்மைத் தவத்தின் பெருமையைச் சிறிதும் குறைக்கவில்லை.

அப்பூனையைச் செதுக்கியவர் பெயரை எவரும் அறியார். திரைப்படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் படிப்போரும் சிலரே. பெயர் அறியப்படாத உழைப்பாளி இட்ட கையொப்பமே அக்குறும்பு. விரைந்து பார்ப்பவர் அதனைக் காணார். நின்று நிதானித்துப் பார்ப்பவரே காண்பர். அவ்வாறு பார்ப்பதே அவ்வுழைப்புக்குச் செய்யும் மரியாதை.